காத்தாடிக்கு ஒரு நாள் ஓய்வு

என் வீட்டுக்காரருக்கு எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஊரே கரண்ட் இல்லாமல் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்த 2008-ஆம் வருஷம், இந்த மனுஷர் மட்டும் நாமே கரண்ட் எடுத்தால் என்ன என்று கிளம்பினார். பெங்களூரில் யாரோ கழித்துப்போட்ட சோலார் தகடு ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு மோட்டாரைப் பிடித்தார். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்துச் செதுக்கிக் காத்தாடிக்கு மூன்று இறக்கை செய்தார். வெயிலடித்தால் தகடு, மேகம் போட்டால் காத்தாடி, இரண்டும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் இருக்கிற லாரி பேட்டரியை நிரப்பும் என்பது அவர் கணக்கு. கயத்தாறுக்காரர் இல்லையா, காற்றாலைகளைப் பார்த்துப் பார்த்து அந்தக் கிறுக்கு ஊரிலேயே ஏறியிருந்தது.

நாங்கள் ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வீடு தளம் போட்டது, மேலே மொட்டைமாடி. அதை ஒட்டினாற்போல, தாழ்வாக, சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை. அதில் ஓனரம்மா முனிலட்சுமி இருந்தார். காத்தாடிக் கம்பத்தை மாடி மூலையில், அந்த ஷீட் அறைக்கு நேர் மேலே நட்டுவைத்தார் எங்கள் விஞ்ஞானி. அங்கேதான் காற்று நல்லா வருதாம்.

முதல் நாளே ஓனரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மாடசாமி தம்பி, என் மாடி மேல ராட்டினம் சுத்தறதெல்லாம் ஆவாது. கழட்டிடு." அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் அந்தச் சனியனைக் கண்டால் ஆகாது. துணி காயப்போடப் போனால் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

அப்புறம் ஓனரம்மாவின் மகள் காவியா பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை பெற்றவள் இருக்கிற அறை இருட்டாகக் கிடக்கக்கூடாது என்று, கரண்ட் போகிற நேரமெல்லாம் எங்கள் பேட்டரியிலிருந்து ஒரு வயர் அந்த அறைக்குப் போனது. ஒரு பல்பு, ஒரு சின்ன ஃபேன். அன்றோடு ஓனரம்மா வாயைத் திறக்கவில்லை. "நம்ம காத்தாடி" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா! கம்பெனி கம்பெனியாக மிஷினையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அன்றைக்கு எந்த மிஷினையும் ஓட்டமாட்டார்கள். வருஷம் முழுக்க உழைத்ததற்கு அதற்கும் ஒரு நாள் ஓய்வு. குடும்பத்தோடு உள்ளே போய் நம் ஆள் வேலை செய்கிற மிஷினைப் பார்த்து, பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு வரலாம்.

நான் போகவில்லை. நான் வீட்டுக்குத் தூரம். பூஜை வைத்த எதையும் தொடக்கூடாது என்று ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இவர் காலையிலேயே மாடியேறிச் சோலார் தகட்டை மஞ்சள் துணியால் மூடினார். காத்தாடிக் கம்பத்துக்குச் சாமந்திச் சரம் சுற்றினார். கீழே வந்து பேட்டரிக்குச் சந்தனம் வைத்து, அதில் மாட்டியிருந்த வயர்களைக் கழற்றிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டார்.

"எதுக்குங்க கழட்டுறீக?"

"பேட்டரியும் காத்தாடியும் மிஷின்தானட்டி. இன்னைக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் அஸ்வினையும் வினிதாவையும் கூட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானம் தாண்டியதும் சானமாவுக் காட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி நெருங்கினால் இங்கே அப்படித்தான், வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று புழுதியை வாரிக்கொண்டு காற்று வரும். கதவைச் சாத்தப் போனேன். மேலே ஒரு சத்தம். எப்போதும் கேட்கிற விர்விர் இல்லை. வரவர ஏறிக்கொண்டே போகிற ஊளை.

வெளியே ஓடிப் பார்த்தால் இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. வட்டமாக ஒரு வெள்ளைப் புகைதான் தெரிந்தது. கம்பம் கிடுகிடுவென்று ஆடியது. சாமந்திச் சரம் அறுந்து பறந்தது. ஓய்வு எடுக்கச் சொன்ன பண்டம் ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறது?

செல்லை எடுத்து அவருக்குப் போட்டேன். பின்னால் மைக்கில் அம்மன் பாட்டு. என் சத்தம் அவர் காதில் விழ மூன்று தரம் கத்தவேண்டியிருந்தது.

"ஏங்க, காத்தாடி பேயாட்டம் சுத்துதுங்க! கம்பம் ஆடுது!"

"ஏட்டி... நான் வயரைக் கழட்டி விட்டுட்டேம்லா."

"கழட்டுனா நிக்கத்தானே செய்யணும்?"

"கம்பெனி மிஷினுன்னா கரண்ட்ட நிப்பாட்டுனா நிக்கும். இது காத்துல ஓடுறதுட்டி. பேட்டரிக்குக் கரண்ட் குடுக்கிற பாரந்தான் அதுக்கு பிரேக்கு. அந்தப் பாரத்தைக் கழட்டிட்டேன். இனி காத்து எவ்வளவு அடிக்கோ அவ்வளவு ஓடும்." அவர் அவசரமாகச் சொன்னார். "ஆணில தொங்குதுல்ல, காத்தாடி வயரு, தடிச்சது ரெண்டு. அந்த ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேத்து முறுக்கு. நின்னுரும்."

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. அடிச்சாலும் லேசாத்தான் இருக்கும்."

நல்ல புருஷன்! ஆணிக்கு முன்னால் போய் நின்றேன். வயர் முனையில் சந்தனம், குங்குமம். நான் இருக்கிற நிலையில் அதைத் தொடுவதா? ஆத்தா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டு, அடுப்புத் துணியால் பிடித்து இரண்டு முனையையும் சேர்த்தேன். பளிச்சென்று பொறி பறந்தது. கையை எடுக்கவில்லை. மேலே ஊளை இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்தது. அப்பாடா என்று நினைத்தேன், மாடியில் எங்கோ டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். வயர் அங்கே அற்றுவிட்டது போல. ஊளை மறுபடியும் ஏறியது, முன்னைவிட மோசமாக.

செல்லை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன்.

ஷீட் அறை வாசலில் ஓனரம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே காவியா காதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் சரியாகக் கம்பத்துக்குக் கீழே.

"அக்கா, வெளிய வாங்க! காவியாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. காத்தாடி விழுந்துரும்!"

"உனக்கு இன்னா பைத்தியமா? பச்ச ஒடம்புக்காரி, பச்சக் கொழந்த. இந்தக் காத்துல வெளிய வந்தா ஜன்னி வந்துடும். இங்கயே இருக்கட்டும்."

"மேல பாருங்கக்கா!"

"ஏதோ காத்துக்கு சுத்துது. சித்த நேரத்துல நின்னுடும்." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ தூரமா இருக்கறல்ல? வாசப்படிய விட்டு எறங்கு. உன் நெழல் கொழந்த மேல படக்கூடாது."

எனக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. ஆனாலும் ஒரு அடி பின்னால் வைத்தேன். பொய் எதற்கு, எனக்கும் அந்தப் பயம் உண்டு. தூரமானவள் தொட்டால் பச்சைப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், பால் குடிக்காது என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். வினிதா பிறந்தபோது அப்படி ஒருத்தியை நானே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்போது மேலே மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் விர்ரென்று போய், எதிரே தென்னை மரத்தில் மோதித் தெருவில் விழுந்தது. இரண்டு இறக்கையோடு காத்தாடி இப்போது உதறிக்கொண்டு ஆட, கம்பத்தைக் கட்டியிருந்த கம்பி ஒன்று டங்கென்று அற்றது. ஓனரம்மா வாயைத் திறந்தபடி நின்றார்.

நான் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். காவியாவின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் "அம்மா!" என்று அலறினாள்.

"எந்திரி காவியா! எம் பின்னாடி ஓடி வா!"

முந்தானையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு, அதற்குள் பிடித்துக்கொண்ட மழையில் ஓடினேன். காவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். "அய்யோ தேவுடா, தொட்டுட்டாளே, கொழந்தய தொட்டுட்டாளே!" என்று ஓனரம்மா தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டே எங்களைத் துரத்தினார். நல்லவேளை, என்னைத் திட்டவாவது அந்த வாசலை விட்டு வந்தார்.

நான் எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்கிறேன், பின்னால் இடி விழுந்த சத்தம். கம்பம், மோட்டார், மீதி இறக்கை எல்லாமாக ஷீட்டை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டன.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். திறந்து கிடந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மோட்டார் கட்டிலின் நடுவே பலகையை உடைத்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்குப் போட்டிருந்த சின்னத் தலையணை அதற்கு அடியில். கூரை ஓட்டை வழியாக மழை கட்டிலில் கொட்டியது.

எங்கள் வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த செல்லில் இவர் "ஏட்டி, ஏட்டி" என்று கத்துவது கேட்டது. அதை எடுக்க எனக்கு ஒரு கையும் இல்லை.

பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகையில்தான் எனக்குச் சொரணை வந்தது. இவ்வளவு நேரமும் யாரைத் தூக்கி வைத்திருக்கிறேன், எந்த நிலையில் தூக்கி வைத்திருக்கிறேன்! துணியை விலக்கிப் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். ஏதாவது தடித்திருக்கிறதா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. என் கையாலேயே இதற்கு ஏதும் ஆகிவிடுமோ?

"அக்கா, வாங்கிக்கங்க. தெரிஞ்சேதான் தொட்டேன். தண்ணி ஊத்தித் தொடச்சிருங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா என்னைய வையிங்க."

ஓனரம்மா கையை நீட்டினார். நீட்டிய கை இரண்டும் வெடவெடவென்று ஆடின. பிள்ளைக்குக் கிட்டே வரை கொண்டுவந்தவர் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். சேலையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை.

"வேணாம்மா. கீழ விட்டுடுவேன்" என்றார். "நீயே வெச்சிரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.