புதுநன்மைப் பூனை

என் தம்பி ரெஜிஸுக்கு எதையும் அளவோடு செய்ய வராது. மகள் லின்சிக்குப் புதுநன்மை, அதாவது சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா, என்றதும், அவளுடைய வெள்ளை கவுனுக்குப் பொருத்தமாக ஒரு வெள்ளைப் பெர்ஷியன் பூனை வாங்கிவிட்டான். கவுனுக்குப் பொருத்தமாக ஷூ வாங்குவார்கள். உயிரை வாங்குவார்களா?

"ரொம்ப சாதுக்கா," என்றான் போனில். "யார் தூக்கினாலும் பேசாம இருக்கும். அந்த ஜாதியே அப்படித்தானாம். வித்தவரு சொன்னாரு."

பொய்யில்லை. பெர்ஷியன் துள்ளாது, திரைச்சீலையில் ஏறாது, மடியில் கிடக்கும். ஆனால் மூக்கு சப்பை, உடம்பெல்லாம் கம்பளி. குளிர்ச்சியான, சத்தமில்லாத வீட்டில் வைத்து தினமும் முடி சீவிவிட வேண்டிய பிராணி. மே மாதத் திருச்சியில் நானே ஃபேனுக்கு அடியிலிருந்து நகர மாட்டேன்.

சர்ச்சில் பூசை முடிந்து, ரெஜிஸின் எடமலைப்பட்டி புதூர் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே விருந்து. நான் போனபோது பூனை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. வந்த குடும்பமெல்லாம் லின்சியோடும் பூனையோடும் போட்டோ எடுத்தார்கள். அதன் கழுத்தில் ரிப்பன் வேறு.

"பாருங்க அண்ணி, போட்டோவுக்குச் சிரிக்குது!" என்றாள் ரெஜிஸின் மனைவி ஆன்சி.

பார்த்தேன். வாய் திறந்து, நாக்கு வெளியே கிடந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டது.

"சிரிக்கலடி, மூச்சுக்குத் தவிக்குது! பூனை நாய் மாதிரி வாயால மூச்சு வாங்கினா ஆபத்துடி."

"ஒரே ஒரு போட்டோக்கா. ஃபாதர் இப்பதான் வந்தாரு," என்று ரெஜிஸ் குறுக்கே வந்தான்.

பூனையைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். ஏசி அறைத் தரையில் கிடத்தி, ரிப்பனை அறுத்துவிட்டு, காதையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்தேன். கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். உடம்பைக் குளிரவைத்து உடனே கொண்டுவரச் சொன்னார். என் கையில் அது தலை தொங்கிக் கிடந்தது. செத்துவிடும் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே தம்பியைத் திட்டினேன்.

மெல்ல அதன் வாய் மூடியது. கண்ணைத் திறந்து பார்த்தது.

அதற்குள் ரெஜிஸ் வந்துவிட்டான். "தேறிடுச்சா? அப்பாடா! மேல எல்லாரும் கேக்குறாங்க," என்று சொல்லிக்கொண்டே வாரித் தூக்கினான். பூனை அவன் கையை ரத்தம் வரக் கீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்தது.

"பாருக்கா! சாதுன்னு சொல்லி வித்தவன் ஏமாத்திட்டான். நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

சாகக் கிடந்தவரை இவனுக்கு அது நல்ல பூனை. உயிர் வந்ததும் கெட்ட பூனை!

"எவன்கிட்டயும் குடுக்க வேணாம். டாக்டர்கிட்ட காட்டிட்டு நேரா என் வீட்டுக்குக் கொண்டுபோறேன். நீ போய் போட்டோ எடு."

குனிந்து கட்டிலுக்கடியில் கையை நீட்டினேன். என்னையும் கீறியது.

"நல்லாக் கீறுடி," என்றேன்.