ஒன்பதில் நின்ற ட்ரெபிள்

சிவகரன் அண்ணையின் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசித்தவன் கனடாவுக்குப் போனதும், அந்த இடத்துக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பதினாறு வருடமாகக் கடலட்டை பிடிக்கச் சுழியோடி, கடலடிவரை மூழ்கி எழும்புகிறவன் நான். கரையில் நின்று செய்ய ஆசைப்பட்ட ஒரே வேலை கிற்றார் வாசிப்பதுதான். "ஈஸ்டர் முடிய வா சுதன், கேட்டுப் பாப்பம்" என்றார் அண்ணை.

அதற்காகத்தான் கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் ஒன்றை வாங்கினேன். ஒரே பெட்டிக்குள் ஐம்பது அம்ப்புகளின் குரல் இருக்கிறது. பிடித்ததைத் தெரிந்தெடுத்து, குமிழ்களைத் திருகி, இலக்கம் போட்டுச் சேமித்து வைக்கலாம். ஆனால் வாங்கிய கிழமையே விபூதிப் புதன் வந்துவிட்டது. தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் பாட்டுப் போட மாட்டார்கள். நான் மட்டும் கிற்றாரை அலறவிட்டால் சனம் சும்மா விடுமா? ஆகவே நாற்பது நாளும் ஹெட்போன்தான்.

கடலால் வந்து அதற்கு முன்னால் இருந்தால் எழும்ப மனமே வராது. எனக்குத் தேவைப்பட்டது கோயில் மணிபோலக் கணீரென்ற சத்தம். முதலில் எல்லாமே மந்தமாக இருந்தன. கீச்சுச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ட்ரெபிள் குமிழை ஐந்திலிருந்து ஏழுக்குக் கூட்டினேன்; பிறகு ஒன்பது. பெரிய வெள்ளிக்கு முதல்நாள்தான் சரியாக வந்தது. பன்னிரண்டாம் இலக்கத்தில் சேமித்தேன். இந்த வருடம் நுளம்புகூடக் குறைவு, நிம்மதியாக இருந்து வாசிக்க முடிந்தது என்று மனைவி றொசாந்தியிடம் சொன்னேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. றொசாந்தியும் வந்தாள். கொண்டுபோன அம்ப்பில் பன்னிரண்டை அமர்த்தி முதல் வரியை வாசித்தேன். அவள் காதைப் பொத்தினாள். டிரம்ஸ் அடிக்கிற நிருஷன், "ஐயோ அண்ணை, பிளேடாலை கீறினமாதிரிக் கிடக்கு!" என்று கத்தினான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்குத்தான் காது பழுது" என்றேன். சிவகரன் அண்ணை குனிந்து ட்ரெபிளை நாலில் விட்டார்.

"இப்ப வாசி."

வாசித்தேன். எல்லோருடைய முகமும் மலர்ந்தது.

"எனக்கு ஈரச் சாக்கைப் போட்டு மூடினமாதிரிக் கேக்குது அண்ணை."

"எங்களுக்கு மணிமாதிரிக் கேக்குதடா." அவர் என்னையே பார்த்தார். "எத்தினை வருசமாச் சுழியோடுறாய்?"

நான் றொசாந்தியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இஞ்சாருங்கோ, வீட்டிலை நுளம்பு குறையேல்லை. காதுக்கை வந்து கத்தினாலும் நீங்கள் அசையிறேல்லை. ரெண்டு வருசமா இப்பிடித்தான். சொன்னால் உடைஞ்சு போவியள் எண்டு விட்டிட்டன்."

இடம் எனக்குத்தான் கிடைத்தது. "விரல் நல்ல விரல். குமிழை நாங்கள் பாக்கிறம், நீ தொடாதை" என்றார் அண்ணை. இனி எல்லா மேடையிலும் என் கிற்றார் நன்றாகத்தான் கேட்கும். எனக்கு மட்டும் அப்படிக் கேட்காது. திங்கட்கிழமை காது டொக்டரும், சுழியோடிச் சுழியோடிக் கீச்சுச் சத்தம் கேட்காமல் போய்விட்டது, போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் இலக்கத்தை வாசித்தேன். அவ்வளவு வடிவாக இருந்தது. இதை என்னோடு சேர்ந்து கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் ஒரு நுளம்பு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையை மெதுவாகக் காதருகே கொண்டுபோனேன். நுளம்பு எழும்பிக் காதோரமாகப் பறந்து போனது. ஒன்றுமே கேட்கவில்லை.