பம்புக் கொட்டகைக்குப் பின்னால்

மூன்றாவது முறையாகக் கிளை முகத்தில் அறைந்தபோது நொரீன் செத்துப்போன புருஷன் எமரியை வாய்விட்டுத் திட்டினாள். "பாவி மனுஷா, எங்கதான்யா ஒளிச்சு வச்சுத் தொலைச்ச?" காட்டுக்குள் யாரும் இல்லை. ஒரு பனிச்சறுக்குப் பலகை காலில் இருந்தது, இன்னொன்று கழன்று பனிக்குள் போய்விட்டது. குனிந்து துழாவும்போது வலது முட்டி சுருக்கென்றது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு காட்டில் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் எமரியின் தடத்தைக் கண்டுபிடிக்காமல் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்றும் தெரியும்.

அமெரிக்காவின் இந்த வெர்மான்ட் மலையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு ரகசியத் தடம் உண்டு. இலையுதிர் காலத்தில் கைரம்பத்தோடு காட்டுக்குள் போய், குட்டி மரங்களையும் தாழ்ந்த கிளைகளையும் சத்தமில்லாமல் வெட்டி வைப்பார்கள். பனி விழுந்ததும் மரங்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போகலாம். நுழையும்போது பின்னால் ஒரு கிளையை இழுத்துத் தன் சுவட்டைத் தானே அழித்துக்கொண்டுதான் போவார்கள். கிட்னி கேட்டால்கூடக் கொடுத்துவிடுவார்கள். தடம் எங்கே என்று கேட்டால் மட்டும் நாளைக்குப் பனி வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வயசுக் காலத்தில் எமரி தன் தடங்களை எல்லாம் அவளுக்குக் காட்டியிருக்கிறான். முட்டி போன பிறகு அவளால் அடர்ந்த காட்டுக்குள் போக முடியவில்லை. அவன் மலையில் இருக்கும்போது அவள் கீழே கண்ணாடி ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்திருப்பாள். அதையாவது பொறுத்துக்கொண்டாள். ஆனால் கடைசி மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கே என்றால் சிரிப்பான். முன்பெல்லாம் அவளிடம் சொல்லாமல் இருந்ததில்லை.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் அவள் கேட்டேவிட்டாள். "காட்டுல எவள வச்சிருக்க?"

ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. "ஆமா, ஒருத்தி இருக்கா. சரியான கோவக்காரி."

விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. தட்டை மேஜையில் டொக்கென்று வைத்ததோடு சரி, "சாப்பிட வா" என்றுகூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் விறகு அடுக்கின் பக்கத்தில் விழுந்து கிடந்தான். மாரடைப்பு என்றார்கள். அந்த இரண்டு நாளை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

இன்று காலையில் வெண்டலிடம் கேட்டுப் பார்த்தாள். எமரியோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவன், இப்போது மலையடிவாரத்தில், சறுக்க வருகிறவர்களை உச்சிக்கு ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டை ஓட்டுகிறான்.

"என் அம்மா மேல சத்தியமா எனக்குத் தெரியாது நொரீன். போன வருஷம் பின்னாடியே போனேன். படுபாவி, நடுக்காட்டுல என்னைய விட்டுட்டு மாயமாயிட்டான்."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போனானா? மறைக்காம சொல்லு."

வெண்டல் உதட்டைப் பிதுக்கினான். "அவனா? தன் நிழலயே வெளிய நிக்க வச்சுட்டுப் போற ஆளு. ஒண்ணு மட்டும் சொல்றேன். காட்டுல இருந்து வர்றப்ப எல்லாம் அவன் மேல டீசல் நாத்தம் அடிக்கும்."

அந்த நாற்றம் அவளுக்கும் தெரியும். அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள்தானே. இப்போது பனிக்குள்ளிருந்து பலகையை இழுத்தெடுத்துக் காலில் மாட்டும்போதுதான் பொறி தட்டியது. இந்த மலையில் டீசல் நாற்றம் அடிக்கிற இடம் ஒன்றே ஒன்று: செயற்கைப் பனி தூவுவதற்குத் தண்ணீர் ஏற்றும் பழைய பம்புக் கொட்டகை. துருப்பிடித்த பீப்பாய்கள், கிழிந்த குழாய்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத இடம். நேரே அங்கே போனாள். கொட்டகைக்குப் பின்னால் காற்றில் விழுந்ததுபோல் ஒரு ஊசியிலை மரம் குறுக்கே கிடந்தது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். முறிந்த மரம் இல்லை, அறுத்த மரம். "கள்ளப் பயலே," என்றாள். பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மரத்தைத் தாண்டினாள்.

காடு திறந்துகொண்டது. ஒரு சுவடு இல்லாத பனி. சாய்வு அவ்வளவு செங்குத்தாக இல்லை. எமரி கொட்டாவி விடுகிற சாய்வு. முதலில் வலப்பக்கம் ஒரு திருப்பம், இரண்டு மரங்களுக்கு நடுவே குறுகலாக. அடுத்தது இடப்பக்கம். அங்கே தேவைக்கு மேலே இடம் விட்டிருந்தது. ஏன் இவ்வளவு வெட்டினான்? அவன் ஊசியில் நூல் கோர்ப்பதுபோலப் போகிறவன் ஆயிற்றே. மறுபடி வலப்பக்கம் குறுகல், இடப்பக்கம் அகலம். மூன்றாவது இடப்பக்கத் திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

இடப்பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் வலது காலில்தான் விழும். முட்டி போனதிலிருந்து அவளால் இடப்பக்கம் சட்டென்று திரும்ப முடியாது. அகலமாகச் சுற்றித்தான் வருவாள். "பஸ்ஸத் திருப்புற மாதிரி திருப்புறடி" என்று கேலி பண்ணுவான். அந்த பஸ் திரும்புவதற்குத்தான் மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் ரோடு போட்டிருக்கிறான்.

கோவக்காரி அவள்தான்.

அழுதுகொண்டே சறுக்கினாள். கண் மறைத்தாலும் எங்கேயும் இடிக்கவில்லை, எல்லாத் திருப்பமும் அவள் காலுக்கு அளவெடுத்து வைத்தது. மலையின் பாதியில் தடம் பட்டென்று நின்றது. எதிரே கைநுழைய முடியாத அடர்த்தி. இடப்பக்கத்தில் ஒரு மரத்தின் அடி பாதி அறுபட்டு, வெட்டில் பிசின் உறைந்திருந்தது. அவள் பனியில் உட்கார்ந்து அந்த வெட்டுக்குள் விரலை வைத்தாள்.

"சாப்பிட வா," என்றாள். "வாயேன் எமரி. ஆறிப்போகுது."

வெகுநேரம் கழித்து, பலகைகளைத் தோளில் சுமந்து ஏறி வந்தாள். கிடந்த மரத்தைத் தாண்டியதும் ஒரு கிளையை ஒடித்து, கொட்டகை வாசல்வரை தன் சுவட்டை மெழுகி அழித்தாள்.

அடிவாரத்தில் வெண்டல் ஓடி வந்தான். "கிடைச்சுதா?"

நொரீன் வானத்தைப் பார்த்தாள். "நாளைக்குப் பனி கொட்டும்போல இருக்கு."

அவள் தொப்பி முழுக்க ஊசியிலைகள். வெண்டல் பார்த்தான். அவள் தோளில் ஒட்டியிருந்த ஒன்றை மெல்ல எடுத்துக் கீழே போட்டான். "ஆமா," என்றான். "கொட்டும்னுதான் சொல்றாங்க."

லிஃப்டின் நாற்காலி சுற்றி வந்தது. இரண்டு பேர் உட்காருகிற நாற்காலி. அவள் ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள், அது அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று.