முட்டிக்குள் ஏதோ இருக்கிறது

என் முட்டியில் எலும்பு ஏதாவது உடைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இரண்டு வருஷமாக வலிக்கிறது. முட்டி, இடுப்பு, முதுகு என்று முறை வைத்து வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாவற்றிலும் 'நார்மல்'. பள்ளிக்கூடப் பரீட்சையில் ஒருநாளும் இப்படித் தேறியதில்லை. அந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா பால்ராஜுக்கு ஜுருவில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் வேலை. அவர் கணக்கில் ஒரு பொருள் கெட்டுப்போனால் கிழிசலாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது கெடவே இல்லை. "ஒன்னுமே இல்லையே லா, கிறிஸ்டல். எல்லாம் நடிப்பு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட் நான்காவது மாடி. லிஃப்ட் படுத்துக்கொண்ட ஒரு நாள், படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். இரண்டாவது மாடி குமுதா ஆன்ட்டி பாவம் பார்த்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா என்னைத் தாண்டி மேலே போனார். அன்றைக்கு அழுதேன். வலிக்காக இல்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அமீரா அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதும் துள்ளிக் குதித்தேன், அதாவது மனதுக்குள். நாள்பட்ட வலி இருக்கிற பதின்ம வயதுப் பிள்ளைகளின் மூளை வலியை எப்படிக் கையாள்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்களாம். முட்டி பொய் சொல்லலாம், மூளை சொல்லுமா? நடுவில் செக்கச்செவேலென்று வலி தெரிகிற மாதிரி ஒரு படம் வாங்கி, ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அப்பாவைத் தினமும் பார்க்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

என் கெட்ட நேரம், ஸ்கேன் அன்றைக்கு அம்மாவுக்கு புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. அப்பாதான் கூட வந்தார். பார்க்கிங் கிடைக்கும்வரை முனகிக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் இயந்திரம் முழுக்கக் காந்தம். உடம்பில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது. ஜிப்பும் பட்டனும் இல்லாத உடை போட்டு வரச் சொல்லியிருந்ததால், வீட்டில் எப்போதும் போடும் என் பழைய கறுப்பு டிராக் பேண்ட்டில் போயிருந்தேன். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் ஃபிக்ரி, இவளிடம் இரும்பு, உலோகம் ஏதாவது உண்டா என்று மலாயில் கேட்டார். அப்பா சத்தியம் செய்யாத குறையாக இல்லை என்றார். ஃபிக்ரி சோதனைக் கருவியை என் மேல் ஓட்டினார். தலை, தோள், இடுப்பு, ஒரு சத்தமும் இல்லை. இடது முட்டிக்கு வந்ததும் 'பீப்' என்றது.

மறுபடி ஓட்டினார். மறுபடி பீப். முட்டியில் ஆபரேஷன் செய்ததுண்டா, உள்ளே ஸ்க்ரூ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்! அப்பா பக்கம் திரும்பினேன்.

"பாத்தீங்களா? முட்டிக்குள்ள ஏதோ இருக்கு."

அந்த ஏர்கானிலும் அப்பாவுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. நன்றாக வேர்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஃபிக்ரி பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டச் சொன்னார். வெறும் முட்டியில் கருவியை ஓட்டினால் சத்தமே இல்லை. சுருட்டிய துணியில் வைத்தால் பீப். போச்சு. பேண்ட்டுக்கு இருக்கிற மதிப்புகூட எனக்கு இல்லை.

டாக்டர் அமீரா துணியைப் புரட்டிப் பார்த்தார். உள்பக்கம் கட்டைவிரல் அளவு ஒட்டு ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியும், கிழிசலை அம்மா தைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஃபிக்ரி கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டிப் பிரித்ததும், உள்ளேயிருந்து சின்னதாக ஒரு புனித அன்னம்மாள் பதக்கம் விழுந்தது. அம்மாவின் வேலை! எனக்கு வந்ததே கோபம். நவநாள் ஜெபம், எண்ணெய் எல்லாம் போதாதென்று இது வேறா என்று, அங்கே இல்லாத அம்மாவை வாய் வலிக்கத் திட்டினேன்.

திட்டிக்கொண்டே, பிரிந்து வந்த ஒட்டை எடுத்துப் பார்த்தேன். துணி இல்லை, கார் சீட்டுத் தோல். நூலும் கத்தரிக்கு மசியாத தடித்த நூல். கோடு போட்டது போல இரட்டைத் தையல். அம்மா தைத்த பட்டன் மத்தியானம்வரை நின்றதில்லை. நிமிர்ந்தேன். அப்பா சுவரில் இருந்த கை கழுவும் போஸ்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா?"

"திருவிழா அன்னைக்கு." போஸ்டரிடம்தான் சொன்னார்.

அன்றைக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோயிலுக்குப் போயிருக்கிறார்!

"நடிப்புன்னு சொன்னீங்கல்ல? அப்புறம் எதுக்கு இது?"

ஃபிக்ரியின் கையிலிருந்து பதக்கத்தை வாங்கிச் சட்டையில் துடைத்தார். "நடிப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன் லா. நடிப்புன்னா உனக்கு வலிக்கலன்னுதானே அர்த்தம்?"

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டு ஃபிக்ரியின் பின்னால் ஸ்கேன் எடுக்கப் போனேன்.

ஸ்கேன் குழாய்க்குள் ஜெலுத்தோங் வொர்க்‌ஷாப் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி சத்தம். அசையக் கூடாது என்றதும் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. அவ்வப்போது ஒரு கருவி கட்டைவிரலை அழுத்தும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி என்று பட்டனை அமுக்கிச் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி அமுக்கினேன்.

முடிந்ததும் டாக்டர் அமீரா என் மூளைப் படம் ஒன்றைக் கொடுத்தார். பாதியாக வெட்டிய காலிஃபிளவர்தான், சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. வலி எங்கே என்று கேட்டேன். ஒருத்தர் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதாம். வலி இருக்கிற பிள்ளைகள், இல்லாத பிள்ளைகள் என்று நிறையப் பேருடையதை ஒப்பிட்டால்தான் ஏதாவது புரியுமாம். உனக்கு வலிக்கிறது என்பதற்கு நீ சொன்னதே போதும், அதை நம்பித்தான் உன்னைக் கூப்பிட்டோம் என்றார். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அப்பாவிடம் அப்படியே தமிழில் சொன்னேன்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூளை இருக்கிறது, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார்.

திரும்பி வரும்போது சாலையில் ஒரு மேடு வந்தது. எப்போதும் பறப்பவர் பிரேக் போட்டு, மெல்ல ஏற்றி இறக்கி, இப்போது எவ்வளவு என்று கேட்டார். மூன்று என்றேன். அடுத்த மேட்டிலும் கேட்டார். அதற்கடுத்த மேட்டில், ஐந்து, பேசாமல் ஓட்டுங்கள் என்றேன்.

ஃபிளாட்டுக்கு வந்தால் லிஃப்ட் மறுபடி படுத்திருந்தது. முதல் படியில் உட்கார்ந்தேன். அப்பா தாண்டிப் போவார் என்று காலை ஒதுக்கினேன். அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"எத்தன?"

"ஏழு."

தலையாட்டினார். சாட்சிக்கு ஒரு படத்தையும் கேட்கவில்லை. நான் அடுத்த படிக்கு நகர்ந்தேன், அவரும் நகர்ந்தார். இப்படியே இரண்டாவது மாடி வந்தபோது குமுதா ஆன்ட்டி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இந்த முறை இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார்.