ஹேவாஹெட்ட பங்களா

சிந்துஜாவின் போன் வந்தபோது கலாராணி நாய்க்குட்டிகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஒட்டிய சோற்றைக் கவுனில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

சிந்துஜா பேராதனையில் மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, கிளினிக் வைத்து இங்கேயே தங்கிவிட்டவள். ஒரு வருடமாகக் கலாராணியின் நாய்களுக்கு அவள்தான் ஊசி போடுகிறாள்.

"அன்ரி, ஹேவாஹெட்டப் பக்கமிருந்து ஒரு அம்மா அல்சேஷன் ஒண்டைக் கொண்டு வந்தவ. வயசான பெட்டை. கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஒப்பரேஷன் செய்து காப்பாத்திப்போட்டன். தோலுக்குக் கீழ மைக்ரோசிப் இருந்தது. பதிவில தேடிப் பாத்தா உங்கட பேர் வருது. உங்கட நாயோ?"

கலாராணி யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டதுதான் பிறகு அவளை அதிகம் உறுத்தியது. "இல்லம்மா. அது எப்பவோ கைமாறிப்போனது. பேர மாத்தாம விட்டுட்டாங்க போல" என்றாள். சிந்துஜா சரி அன்ரி என்று வைத்துவிட்டாள்.

அது ஹைடி என்று கலாராணிக்குத் தெரியும்.

பிலிமத்தலாவையில் கலாராணியின் கணவர் இராமநாதன் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் நாய்க்கூடுகள். நாய் வளர்ப்பு கலாராணியின் பொறுப்பு. பன்னிரண்டு வருடத்தில் அவள் பெயரைக் கொழும்பிலும் தெரிந்துவைத்திருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஹைடிதான். கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று எந்த நாய்க் கண்காட்சிக்குப் போனாலும் அது ஒரு கோப்பையோடுதான் திரும்பும். வரவேற்பறை அலுமாரியில் இருந்த கோப்பைகளில் பாதிக்கு மேல் அதனுடையவை. மேடையில் எப்படி நிற்கவேண்டும் என்று மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே அதற்குப் பழக்கியவள் கலாராணி. அவித்த ஈரலை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, பிஞ்சுக் கால்களைத் தன் கையாலேயே எடுத்து வைத்துப் பழக்கினாள்.

கோப்பைகள் போதும் என்றானபின் குட்டிகள். ஆறு ஈற்று. ஆறாவது ஈற்றில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. இனிமேல் வேண்டாம் என்று அப்போதிருந்த வைத்தியர் சொன்னார். கூடு ஐந்துதான் இருந்தது. ஹைடியின் மகளுக்கு ஒரு கூடு தேவைப்பட்டது. ஹேவாஹெட்டவிலிருந்து மரக்கறி லொறி ஓட்டிவரும் யுகேஷ், தோட்டத்துப் பங்களா ஒன்றில் நல்ல நாய் கேட்கிறார்கள் என்றான். எந்தத் தோட்டம், எந்தப் பங்களா என்று கலாராணி கேட்கவில்லை. கேட்டால் அவன் திணறுவான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. லொறியின் பின்பக்கம், வெறும் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே ஹைடி ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டி என்றால் கண்காட்சி என்பது அதன் நினைப்பு. வாலை ஆட்டிக்கொண்டே போனது.

அன்று மாலையே கலாராணி பேஸ்புக்கில் எழுதினாள். எங்கள் ஹைடி ஓய்வு பெறுகிறாள், ஹேவாஹெட்ட மலையில் பங்களா ஒன்றின் பூந்தோட்டத்தில் இனி ஓடித் திரிவாள் என்று. பழைய படம் ஒன்றையும் போட்டாள். இருநூறு பேருக்கு மேல் வாழ்த்தினார்கள். எல்லா வளர்ப்பாளர்களும் உங்களைப் போல இருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கலாராணி நன்றி சொன்னாள். அப்புறம் இரண்டு வருடம், குட்டி வாங்க வந்த யார் ஹைடியைப் பற்றிக் கேட்டாலும் அந்தப் பங்களாவைத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி, அதன் முகப்பில் ரோஜாச் செடிகள் நிற்பதுகூட அவளுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

போன் வந்து மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சிந்துஜாவைக் கூப்பிட்டு, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன் என்று சொல்லி நாயைக் கொண்டுவந்த பெண்ணின் விலாசத்தை வாங்கினாள். பெயர் நல்லம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை.

ஞாயிற்றுக்கிழமை, வாடகை வான் ஓட்டும் நுஸ்கியின் வண்டியில் போனாள். கண்காட்சிகளுக்கெல்லாம் நாய்களை ஏற்றிப்போனது அதே வான்தான். கலஹா தாண்டியதும் நுஸ்கி, ஹைடி இருக்கிற பங்களா இந்தப் பக்கம்தானே அக்கா, அங்கேதான் போகிறோமா என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கடைசியில் தேயிலைக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு பழைய லயத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னபோது, அவன் லயத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்ஜினை நிறுத்தினான்.

நல்லம்மா லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், கலாராணியின் வயதுதான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக் கையை உதறிவிட்டு வாங்கம்மா என்றாள். கலாராணி தன்னை டொக்டருக்குத் தெரிந்தவள் என்று சொல்லிக்கொண்டாள். ஒப்பரேஷன் செய்த நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார் என்றாள். அது இரண்டாவது பொய்.

நல்லம்மா அதை அப்படியே நம்பினாள். டொக்டர் பிள்ளையைப் புகழ்ந்தாள். உள்ளே ஓடிப்போய்க் கதிரை எடுத்துவந்து போட்டாள். நாய் பின்னால் வெயிலில் படுத்திருக்கிறது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது என்றாள். பிறகு, மிச்சத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டே, கேட்காமலே, அது தன்னிடம் வந்த கதையையும் சொன்னாள்.

கரட் தோட்டம் போடும் ஒருவன் யாரோ லொறிக்காரனிடம் அதை வாங்கி வந்திருந்தான். காட்டுப்பன்றியை விரட்டுவதற்காகத் தோட்டத்து மூலையில் கட்டிப்போட்டிருந்தான். மழையிலும் பனியிலும் அங்கேதான். ஒரு தகரம்கூட மேலே இல்லை. கொழுந்துக்குப் போகும் வழியில் தினமும் நல்லம்மா பார்ப்பாளாம். மதியம் கொண்டுபோகும் ரொட்டியில் பாதியை எறிவாளாம். இந்த வருடம் அதற்குச் சுகமில்லாமல் போனதும், அவன் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு நாயைத் தேயிலைப் பெக்டரி வளைவில் தள்ளிவிட்டுப் போய்விட்டான். நாற்றத்தில் யாரும் கிட்டப் போகவில்லை. நல்லம்மாவும் அவள் மகனும் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தார்கள். பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றதால் ஓட்டோ பிடித்துப் பேராதனைக்குக் கொண்டுபோனார்கள்.

"அவன் மனுசனே இல்ல, அவன விடுங்க" என்றாள் நல்லம்மா. "அதுக்கு முந்தி இத யாரோ நல்லா வச்சிருந்திருக்காங்கம்மா. பல்லு, காதுன்னு எங்க தொட்டாலும் அசையாம நிக்குது. கையக் குடுன்னா குடுக்குது. ஆனா மடியப் பாத்தா வயிறு பத்துது. பெத்துப் பெத்து ஓஞ்ச ஒடம்பு அது. அவங்க மட்டும் கையில கெடச்சா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்."

கலாராணி கதிரையில் முன்னால் நகர்ந்தாள். "என்ன கேப்பீங்க?" என்றாள்.

"பேரு என்னன்னு கேப்பேன். இம்புட்டு நாளா நான் பொண்ணு, பொண்ணுன்னுதான் கூப்புடுறேன். அது திரும்பிப் பாக்குது, ஆனா இது இல்லயேங்கிற மாதிரி பாக்குது."

கலாராணி வாயைத் திறப்பதற்குள், பேச்சுக்குரல் கேட்டோ என்னவோ, ஹைடி லயத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. முகம் முழுக்க நரைத்திருந்தது. வயிற்றில் மழித்த இடத்தில் தையல் தெரிந்தது. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தழும்பில் முடி முளைக்கவே இல்லை. கலாராணியிடமிருந்து நான்கடி தள்ளி நின்று மூக்கை உயர்த்தியது.

அது பாய்ந்து வரவில்லை, குரைக்கவும் இல்லை. முன்கால்கள் இரண்டையும் சரியாகச் சேர்த்து வைத்தது. இடுப்பு நோவோடு ஒரு பின்கால் மெல்லப் பின்னே போனது. நடுங்கியது, வழுக்கியது, மறுபடி சரியான இடத்துக்கு வந்தது. தலையை நிமிர்த்தி, காதுகளை விறைத்து, கலாராணியின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றது. நடுவருக்கு முன்னால் நிற்பதற்கு அவள் சொல்லிக்கொடுத்த நிலை. ஒரு மயிரளவும் பிசகாமல், லயத்து வாசலில், காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்குக் கீழே.

கலாராணியின் வலது கை தானாக எழுந்து, விரல் நுனிகள் சேர்ந்து, அதன் மூக்குக்கு நேராக நீண்டுவிட்டது. அதில் எதுவும் இருக்கவில்லை.

நல்லம்மா கையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். காயப்போட எடுத்த துணி அப்படியே கையில் நின்றது.

"ஹைடி" என்றாள் கலாராணி. "பேரு ஹைடி. நான்தான் வச்சிருந்தேன். நான்தான் லொறியில ஏத்தி விட்டேன்."

நல்லம்மா ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் ஏசவில்லை. கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். அப்புறம் உள்ளே போய்ப் பாலில்லாத பிளேன்டி ஊற்றிவந்து கொடுத்தாள். கலாராணி அதைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். ஹைடி இன்னும் அப்படியே நின்றது. போதும் என்று சொல்லும்வரை அது நிற்கும். அதுவும் அவள் பழக்கியதுதான். அவள் போதும் என்றதும் அது மூச்சை விட்டுத் தரையில் சரிந்தது.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கலாராணி கேட்டாள். ஒங்க நாய்தானே, நான் என்ன சொல்ல என்றாள் நல்லம்மா. வான் கதவு திறந்ததுமே ஹைடி எழுந்து நடந்து, முன்கால்களை எடுத்துப் படியில் வைத்து யாராவது தூக்கிவிடட்டும் என்று காத்திருந்தது. நுஸ்கிதான் தூக்கி ஏற்றினான். வாலை ஆட்டியது. நல்லம்மா உள்ளே போய் அது படுக்கும் சாக்கையும் மாத்திரைப் பையையும் கொண்டுவந்தாள். வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை சோற்றுக்குப் பிறகு, சோற்றில் கருவாடு கொஞ்சம் உதிர்த்துப் போட்டால்தான் தின்னும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பையை வாங்க நீட்டிய கையைக் கலாராணி இழுத்துக்கொண்டாள். வீட்டில் ஹைடிக்கு எந்தக் கூட்டைக் கொடுப்பது என்று அவள் இதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. சிந்துஜாவிடம் என்ன சொல்வது என்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நீங்களே வச்சுக்கிறீங்களா?" என்றாள்.

"அதக் கேக்க இம்புட்டு நேரமா?" என்றாள் நல்லம்மா.

ஆனால் ஹைடி இறங்கவில்லை. நல்லம்மா கூப்பிட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். கடைசியில் கலாராணியே உள்ளே ஏறி, அதை இரண்டு கையாலும் அணைத்து, தையலில் படாமல் இறக்கினாள். இதுதான் சரி என்று அவளுக்குத் தெரிந்தது. நாய்க்கு அது தெரியாது. மறுபடியும் ஒரு வண்டியும் மறுபடியும் அவளும் விட்டுவிட்டுப் போவதுதான் அதற்குத் தெரியும். அவள் கையில் அது கனமில்லாமல், எதிர்க்காமல் கிடந்தது. கடித்திருந்தால் தேவலை.

"ஐடி" என்று நல்லம்மா மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். காது திரும்பியது. இன்னொருமுறை கூப்பிட்டாள். வான் நகரும்போது கலாராணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு முகமில்லை.

பேராதனையில் இறங்கி நேராகக் கிளினிக்குக்குப் போய், நான் பொய் சொன்னேன் என்றாள். சிந்துஜா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தெரியும் அன்ரி" என்றாள். மைக்ரோசிப் பதிவை மாற்ற நல்லம்மாவின் பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினாள்.

ஹைடியின் மகளை அந்த மாதம் ஆண் நாயோடு இணைசேர்க்கக் கொண்டுபோவதாக இருந்தது. கலாராணி முடியாது என்றாள். கொழும்பில் பேசி வைத்தாயிற்றே, ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இராமநாதன் சத்தம் போட்டார், இரண்டு நாள் பேசாமலிருந்தார். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹைடிக்கு முன்னாலும் மூன்று நாய்கள் அந்தக் கூடுகளில் இருந்தன. சம்பா, ஒரு கண் மங்கிப்போன டைசன், பிறகு லூசி. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வந்து கூட்டிப்போனார். யார் என்று பழைய போனில் தேடினாள். முதல் இலக்கம் இப்போது பயன்பாட்டில் இல்லை. இரண்டாவதை ஒரு பெண் எடுத்து, தவறான இலக்கம் என்று வைத்தாள்.

மூன்றாவதை ஒரு மனிதர் எடுத்தார். எட்டு வருடத்துக்கு முன்பு நீங்கள் பிலிமத்தலாவையில் எங்களிடம் ஒரு நாய் வாங்கினீர்கள் என்றாள் கலாராணி.

"எந்த நாய்?" என்றார் அவர்.

அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, லூசி எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள்.