வெள்ளிமலையில் தவறிய மணி

இளஞ்செழியன் கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் அவன் செய்த காரியத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலை ஊர்களுக்கு இன்டர்நெட்டை ஏற்றிவிடும் பெட்டி ஒன்று அங்கே டவருக்கு அடியிலிருந்த அறையில் இருந்தது. அதற்குள் ஓடும் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளில், நெட்வொர்க் கார்டைக் கவனிக்கும் பகுதியை எழுதியவன் இவன். பெட்டியோ மணிக்கு நாலு தடவை வாயடைத்துப் போனது. சென்னை ஆபீஸில் வைத்தால் சமர்த்தாக ஓடும். மலைக்கு வந்தால் மக்கர். அதனால் இவனையே மலையேற்றிவிட்டார்கள். நான்கு நாளாக அந்த அறையில் அவனும் பெட்டியும்தான். பேச்சுத்துணைக்கு ஈ காக்கை கிடையாது.

கள்ளக்குறிச்சி வீட்டிலும் ஆளில்லை. மனைவி தேவிப்ரியா மூன்று வாரம் முன்பு கோபித்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "பக்கத்துல ஒக்காந்துகினு கூப்ட்டாலும் ஒனக்குக் காதுல வுழாது" என்பது அவள் புகார். அது பொய்யும் இல்லை. சனிக்கிழமை ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "நாளைக்கு மதியானம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மிஸ்டு கால் குடுப்பேன். திருப்பிக் கூப்ட்டீன்னா பஸ் ஏறி வரேன். இல்லாட்டி இனிமே வரவே மாட்டேன்."

காதலித்த காலத்துப் பழக்கம் அது. ஒரே ஒரு மிஸ்டு கால்தான். இரண்டாவது கொடுத்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடுமாம். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அந்தக் கார்டின் சுபாவமும் கிட்டத்தட்ட அதுதான். தகவல் வந்ததும் ஒரு மணி அடிக்கும், இன்டரப்ட் என்பார்கள். கெர்னல் ஓடிவந்து, மேற்கொண்டு நச்சரிக்காமலிருக்க மணியை அடைத்துவிட்டு, வந்ததையெல்லாம் அள்ளும். அள்ளி முடித்ததும் மணியைத் திறந்துவிடும். ஒருமுறை சொன்னதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கார்டு மறுபடி அடிக்காது. உம்மென்று உட்கார்ந்துவிடும்.

ஞாயிறு இரண்டு மணிக்கு ஆபீஸ் குரூப்பில் ஒரே கூச்சல். "முடிஞ்சுதா?", "எப்போ முடியும்?" என்று போன் ஓயாமல் கத்தியது. எரிச்சலில் சைலன்ட்டில் போட்டுவிட்டு வேலையில் மூழ்கினான். மூன்றரைக்குத்தான் தேவிப்ரியா நினைவு வந்தது. பதறிப்போய் எடுத்தால் திரையில் இருநூறு நோட்டிபிகேஷன் குவிந்துகிடந்தது. "சனியனுங்களா!" என்று ஒரே தள்ளில் அத்தனையையும் துடைத்துவிட்டு சைலன்டை எடுத்தான். சிக்னல் வருகிற சன்னலோரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. எதிர்மலையில் மேகம் இறங்கியது. போன் அடிக்கவில்லை. மனசு மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான். இந்த உலகத்தில் தன்னைத் தேட ஒரு ஆள் இல்லை என்று தோன்றியது. எழுந்து பெட்டியிடமே போனான்.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். சென்னையில் கூட வேலை செய்யும் தனுஷா.

"செழியா, நீ எழுதுனதைத்தான் படிச்சிக்கினு இருக்கேன். மணியைத் தொறக்கறதுக்கு முன்னாடி, தகவல் வந்திருக்குன்னு கார்டு போட்டு வைக்கிற பழைய அடையாளத்தையெல்லாம் ஒட்டுமொத்தமா அழிக்கிற இல்ல? அடைச்சி வச்சிருந்தப்போ புதுசா எதுனா வந்திருந்தா, அதுவும் சேந்து அழிஞ்சிடுமே. இங்க தகவல் ஓயாம வந்துகினே இருக்கு, மணியைத் தொறக்கிற வேலையே இல்ல. அங்க வுட்டு வுட்டு வருது. அழிக்காத. தொறந்ததும் ஒருக்கா உள்ள பாரு, அவ்ளோதான்."

இரண்டு வருடம் முன்பு, சுத்தமாக இருக்கட்டுமே என்று அவனே எழுதிய வரி. "அட மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைத் தூக்கினான். எட்டிப் பார்க்கும் வரியைச் சேர்த்தான். அரைமணி நேரம் பெட்டி மூச்சு முட்டாமல் ஓடியது.

அப்போதுதான் மூன்றரைக்குத் தானும் பார்க்காமல் துடைத்துத் தள்ளியது நினைவுக்கு வந்தது. போனை எடுத்துக் கால் பட்டியலைத் திறந்தான். தனுஷா பேருக்குக் கீழே தேவிப்ரியா. ஒரு மிஸ்டு கால். மணி மூன்று பத்து.

உடனே கூப்பிட்டான். எடுத்தாள்.

"தேவி, இப்பதான் பாத்தேன். சைலன்ட்டுல..."

"ஆறு பஸ்ஸ வுட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "அப்பறம் அம்மா வூட்டுக்கே வந்துட்டேன்."

"போன் அடிக்கும்னு பாத்துக்கினேதான் இருந்தேன், சத்தியமா."

"மணி அடிச்சாதான் வருவியா நீ? நீயா ஒருவாட்டி கூப்புடணும்னு ஒனக்குத் தோணவே இல்லயா?"

அவள் வைத்துவிட்டாள்.

ஆபீஸ் குரூப்பில் வாழ்த்து குவிந்தது. பெட்டி தடங்கலில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பத்து வருடத்தில் முதன்முறையாக இளஞ்செழியன் அவளை இரண்டாவது தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். அங்கே அடித்துக்கொண்டே இருந்தது.