சின்னவன் அறை ஹீட்டர்

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கரண்ட் பில் மேல் சந்தேகம் வந்தது குளிர்காலத் தொடக்கத்தில். அதுவரை பில் வரும், மனைவி கட்டிவிடுவாள், அதோடு சரி. அந்த மாதம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம். வரவேற்பு மேஜையை விட்டு அவளால் நகர முடியவில்லை. "நீங்களே கட்டிடுங்க" என்று போனில் சொல்லி வைத்துவிட்டாள். கட்டப் போனவர் தொகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தொகை அப்படியேதான் இருந்தது.

அவரைக் கஞ்சன் என்று யாரும் சொன்னதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவர் கடை. பார்வையைச் சோதித்து, பொருத்தமான கண்ணாடி போட்டுக் கொடுப்பது தொழில். காசு குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஃபிரேம் விலையில் விட்டுக்கொடுப்பார். கழன்ற காதுக் கம்பிக்கு ஸ்குரு போட்டுக் காசு வாங்கமாட்டார். கொடுப்பது அவருக்குப் பெரிதில்லை. எங்கே போகிறது என்று தெரியாமல் போவதுதான் பொறுக்கவில்லை.

முதலில் சிக்கனத்தில் இறங்கினார். கூடத்துப் பெரிய விளக்குக்குப் பதிலாக மேஜை விளக்கு வந்தது. இஸ்திரி வாரத்துக்கு ஒரு தடவை என்றானது. குளியலறை வெந்நீர் சுவிட்சைக் காலையில் அவரே போட்டு, அவரே அணைத்தார். வீட்டில் எங்கே நடந்தாலும் கை சுவரைத் தடவிக்கொண்டே போகும். ஒருநாள் மகள் படித்துக்கொண்டிருந்த அறை விளக்கையும் அணைத்துவிட்டு நகர்ந்தார்.

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்பா, நான் இன்னும் உயிரோட உள்ளதான் இருக்கேன்."

"சத்தமே இல்லையேம்மா."

"படிக்கறதுக்கு எதுக்குப்பா சத்தம்?"

இவ்வளவு செய்தும் அடுத்த பில் முந்தையதை விட அதிகமாக வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. சிக்கனத்தால் ஆகவில்லை என்றால் வீட்டுக்குள் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி இருந்தது. கடைக்குக் கிளம்புமுன் அதன் எதிரில் போய் நிற்பார். உள்ளே சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் மாதிரி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் படியிறங்கும்போது அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

போன வருஷம் இல்லாதது இந்த வருஷம் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? யோசித்தால் விடை ஒன்றுதான். சின்னவன்.

சின்னவன் அவர் மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டி முன்தலை வழுக்கை விழுந்தும் வீட்டில் சின்னவன்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மூட்டை இறக்க ஆள் வராத ஒரு நாள் தானே இறக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து உட்கார முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி அனுப்பிவிட்டார். கல்யாணம் பேசிப் பேசித் தட்டிப்போனவனுக்கு அக்கா வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மழைக்காலத்தில் ஒரு பையோடு வந்தான். பழைய ஃபிரேம் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். முதுகுக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், அக்கா சம்பளம் வந்த அன்றே ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி அந்த அறையில் வைத்தாள்.

ஹீட்டர்! அந்த எண்ணம் வந்ததிலிருந்து கண்ணாடிக் கடைக்காரருக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. பின்னறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே காசு எரிகிற வாசனையே வந்தது அவருக்கு. சின்னவனைப் பற்றி அதுவரை அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் பிடிக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், லாரிக் கதைகள் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பான். ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், மனுஷன் சிரிப்பதுகூடக் குற்றமாகத்தானே தெரியும்.

ஒரு சாயங்காலம் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்த வீட்ல ஏதோ ஒண்ணு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. என்னன்னுதான் பிடிபடல."

"ஃபிரிட்ஜ்" என்றாள் மனைவி.

"ஃபிரிட்ஜ் போன வருஷமும்தான் ஓடுச்சு."

மகள் தண்ணீர் ஊற்றினாள். சின்னவன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான்.

"மாமா, நான் ஹீட்டர் போடறதில்ல மாமா."

"உன்னை யாரு சொன்னா? பொதுவா சொன்னேன்."

"இல்ல மாமா, போடறதே இல்ல."

"போடத்தானே வாங்கி வெச்சிருக்கு. அழகு பாக்கவா?" என்று சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் மறந்துபோயிருக்கும். விதி யாரை விட்டது? ரெண்டு மூன்று நாள் கழித்து மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தார். சின்னவன் எங்கோ வெளியே போயிருந்தான். பின்னறைக்குள் நுழைந்து ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, பரண் மேல் தூக்கி வைத்தார். திரும்பினால் வாசலில் மனைவி நின்றிருந்தாள். அன்றைக்கு என்று பார்த்து ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒயர் சரியில்ல. ரிப்பேருக்குக் குடுக்கணும்."

"பரண்லயா ரிப்பேர் பண்ணுவாங்க?"

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்கு ஒரே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சின்னவன் வந்து அறையைப் பார்த்தான். ஹீட்டர் எங்கே என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றான். "பேக்கரியில ஆள் கேட்டிருந்தாங்கக்கா. மேல ரூமும் தர்றாங்களாம். நேத்தே சொல்லணும்னு இருந்தேன்" என்றான். மாமாவிடமும் சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டு இறங்கினான். முதுகுக்காக ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கியதை அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் கணவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள். எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "அப்பாவுக்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்பாள் மகளிடம். "அப்பா, இன்னும் வேணுமான்னு அம்மா கேக்கறாங்க" என்பாள் மகள். "போதும்னு சொல்லு" என்பார் அவர். சில நாளில் மகளுக்கு அலுத்துவிட்டது. "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவர் பில்லுக்காகக் காத்திருந்தார். பில் குறைந்து வரட்டும், அதை அவள் முன்னால் வைத்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்தார். பில் வந்தது. குறையவில்லை. இன்னும் ஏறியிருந்தது.

சின்னவனும் இல்லை, ஹீட்டரும் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. பிறகு எப்படி? மீட்டர்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பில்லை எடுத்துக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே வரிசை வாசல்வரை நின்றது. ஆளுக்கு ஒரு பில், ஆளுக்கு ஒரு புலம்பல். ஒருவருக்கு மாமியார் மேல் சந்தேகம், இன்னொருவருக்கு மேல்மாடிக்காரன் திருடுகிறான் என்று சந்தேகம். கேட்டுக்கொண்டே நின்றவருக்குத் தன் கதையை வேறு யாரோ சொல்கிற மாதிரி இருந்தது. கவுண்டரில் சளி பிடித்த ஒரு பெண் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"மீட்டர் தப்பா ஓடுதும்மா. மாத்தித் தரணும்."

அவள் எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தாள். "மீட்டர் நல்லாத்தான் ஓடுது சார். உங்க வீட்ல கரண்ட் செலவு கொறைஞ்சுதான் இருக்கு."

"இந்த மாசமா?"

"மழைக்காலத்துல இருந்தே கொறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. போன வருஷக் குளிருக்கு இப்ப எவ்வளவோ கம்மி. நல்லா சிக்கனமா இருக்கீங்க."

"அப்போ பில்லு மட்டும் எப்படிம்மா ஏறுது?"

"ரேட்டை ஏத்தியிருக்காங்க சார். அடுத்தடுத்து ரெண்டு தடவை. பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கே, பாக்கலையா?"

திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் இருந்தது. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனபோது அந்தப் பெண் தும்மிவிட்டுச் சிரித்தாள்.

"நீங்க கண்ணாடிக் கடை சார்தானே? நான் போட்டிருக்கறதே உங்க கடையில வாங்கினதுதான். இதுல நல்லாத் தெரியுது, வேணா நான் படிச்சுச் சொல்லவா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். விலை ஏறியது அவரை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஏறினது தனக்கும் ஏறியிருக்கிறது. மழைக்காலத்திலிருந்தே குறைகிறது என்றாளே, அதுதான் உறுத்தியது. மழைக்காலத்தில் வந்தவன் சின்னவன். அவர் சிக்கனத்தில் இறங்கியதோ அதற்கு வெகுநாள் கழித்து.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டார். "உன் மாமா ஹீட்டர் போடவே மாட்டானா?"

"மாட்டார். என்னோட வெந்நீர்ப் பையை வாங்கி முதுகுல வெச்சுப்பார். அதுக்கும் தனியா தண்ணி சுட வைக்க மாட்டார். அம்மா சமைச்சு முடிச்சதும் அடுப்புல மிச்சம் இருக்கற சூட்டுலயே வெச்சு எடுத்துப்பார். துணியையெல்லாம் கையாலேயே தொவைச்சுடுவார். நம்ம துணியையும்தான். வாஷிங் மெஷினே ஓடலையேப்பா, நீங்க பாக்கலையா?"

"முதுகு வலியோடயா தொவைச்சான்?"

"ஸ்டூல் போட்டு உக்காந்துப்பார்."

"இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மாமாதான் சொன்னாரேப்பா. சாப்பிடறப்ப. ரெண்டு தடவை."

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பேக்கரிக்கு நடந்தார். சின்னவன் மேலெல்லாம் மாவாக, ரொட்டித் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மாமாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தான். மாடியில் தன் அறைக்குக் கூட்டிப்போனான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆணியில் சட்டை. அறை கதகதவென்று இருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் நின்றார்.

"அடுப்போட புகைக்கூண்டு இந்தச் சுவர் வழியாத்தான் போகுது மாமா. தொட்டுப் பாருங்க. முதுகை ஒட்டி வெச்சுப் படுத்தா, டாக்டரே வேண்டாம்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். வந்த வேலையை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அக்கா உன்னை வரச் சொன்னா" என்றார்.

"அக்கா நேத்து இங்கதான் வந்துட்டுப் போனாங்க. வரச் சொல்லலையே?"

பொய் முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி. நான்தான் கூப்பிட வந்தேன். ரேட்டு ஏறியிருக்கு. அது தெரியாம உன்மேல பழியைப் போட்டுட்டேன். நீ போடறதில்லன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்."

சின்னவன் கையிலிருந்த காய்ந்த மாவை உரித்தான்.

"டீசல் விலை ஏறினா எங்க லாரி முதலாளி கிளீனரைத்தான் மாமா திட்டுவாரு. அவருக்குக் கைக்கு எட்டின ஆளு அவன்தான். விடுங்க. ஆனா அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க பாருங்க, அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

"வீட்டுக்கு வா" என்றார்.

"வேண்டாம் மாமா. கோவத்துல சொல்லல. வந்தாலும் நான் ஹீட்டர் போட மாட்டேன். நீங்க போடு போடும்பீங்க. ரெண்டு பேருக்கும் சங்கடம். இங்க எனக்கு வேலையும் இருக்கு, சூடும் இருக்கு. லீவு நாள்ல சாப்பிட வரேன்."

கீழே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இறங்கும்போது ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அக்காவுக்கு என்று கொடுத்தான். அவர் காசு எடுக்கப் போனார். "மாமா!" என்றான் அதட்டலாக. அவர் கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ரொட்டியை மேஜையில் வைத்து, நடந்ததை மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னார். அந்த இடத்தில் அவள் உதடு லேசாகக் கோணியது, அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சின்னவன் சாப்பிட வந்த நாட்களில் வீடு பழையபடி கலகலவென்று இருக்கும். அவன் போனபிறகு அவள் பின்னறையைப் பெருக்கிவிட்டு, கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு வருவாள். அந்த அறைக்குள் ஃபிரேம் பெட்டிகளைத் திருப்பி அடுக்கலாமா என்று அவர் ஒருமுறை கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

குளிர் முடிவதற்குள் ரேட்டை இன்னொரு தடவை ஏற்றினார்கள். பில்லை அவரே போய்க் கட்டிவிட்டு வந்தார்.